இரண்டு மில்லிமீட்டர்

இரண்டு மில்லிமீட்டர் கேட்டாள்.
என் ஆன்டெனாவின் ஓரத்திலிருந்து.
வேறு எங்கிருந்தும் இல்லை.

ஷின்ச்சுவில் அன்று காற்று
நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களை வரிசையாகச் சாய்த்துவிட்டிருந்தது.
நான்காம் மாடிக் கண்ணாடி முனகிக்கொண்டிருக்க
திரையில் எங்கள் மவுஸ்
மல்லாந்து கிடந்தது,
ஓடு கழன்று, குடல் தெரிய.

அவள் பெயர் ஃபான்-ச்சியாங் யூன்-ரூ.
இரண்டு குடும்பப்பெயர் சேர்ந்த வீடு.
ஒன்றை மட்டும் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டாள்.
கூடு அவள் பொறுப்பு, சுற்று என் பொறுப்பு.
நடுவில் எள் போட்டால் எள் விழாது.
அந்த எள்ளுக்குத்தான் ஏழு வாரமாய்ச் சண்டை.

பேட்டரிக்கு வலப்பக்கம்
ரிசீவர் உறங்க ஒரு குழி.
பத்தொன்பது நீளம், பதினைந்து அகலம், ஆறரை ஆழம்.
சுவர் ஒன்றேகால்.
அச்சிலிருந்து அழாமல் கழன்றுவர
ஒரு பாகை சரிவு.
பிடித்துக்கொள்ள ஒரு பல்.
கிலுகிலுப்பை ஆகாமலிருக்க
அடியில் மயிரிழை உயர்ந்த வரம்பு.
நகம் நுழைய ஒரு பிறைவெட்டு:
அதற்காக அலுவலகத்தில்
எல்லார் கட்டைவிரலையும் அளந்தாள்.
காவலாளி ட்செங் மட்டும்
கூச்சப்பட்டுப் போய்
நகம் வெட்டிக்கொண்டு வந்து நின்றார்.

ஐயாயிரம் முறை திறந்து மூட வேண்டிய இயந்திரம்
மூவாயிரத்து நூற்றுப் பதினொன்றில், நள்ளிரவில்,
அந்தப் பல்லை உடைத்துத் துப்பியது.
அதன் தலையில் யாரோ வைத்திருந்த
பச்சை உறைத் தேங்காய்ப் பொரி
(சமத்தாய் இரு என்று
இந்த ஊர் இயந்திரங்களுக்கு வைக்கும் படையல்)
காலாவதி ஆகியிருந்தது.
புதுப் பொட்டலம் வைத்தோம்.
பல்லின் அடி வளைவையும் கொஞ்சம் பெரிதாக்கினாள்.
எது பலித்தது என்று
அறிக்கையில் எழுதவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு
இப்போது இரண்டு மில்லிமீட்டர்.

"ரிசீவர் பொருந்துகிறதே?"
"பொருந்துகிறது."
"அப்புறம்?"

பழுதென்று திரும்பி வந்த பழைய மாடல்கள்,
ஒரு அட்டைப்பெட்டி நிறைய.
மேசையில் கவிழ்த்தாள்.
ஒவ்வொன்றின் வயிற்றையும் நகத்தால் திறந்தாள்.
ரிசீவர் இருந்தது நான்கில்.
மற்றவற்றில்
ஒரு பால்பல்.
பாதி மாத்திரை, நீலம்.
வேறு நாட்டு சிம்.
ஒற்றைத் தோடு, அமுக்கி வைத்ததில் கொக்கி வளைந்து.
எட்டாய் மடித்த ஒரு தாள்.
அதை அவள் பிரிக்கவில்லை.
என்னையும் பிரிக்க விடவில்லை.
ஒன்றில் தர்பூசணி விதை, உடைத்துத் தின்றது.

"மவுஸ் ஓடும்போது
ரிசீவர் கணினியில் இருக்கிறது.
அப்போது இந்த அறை யாருடையது?"

எலிவளை ஆனாலும் தனிவளை வேண்டும், சரி.
எலியே வளை ஆனால்?
எனக்குப் பதில் வரவில்லை.
தோட்டுக்கெல்லாம் அளவு தர முடியாது என்றேன்.
"அளவு வேண்டாம். இடம் விடு."

ஷூலின் அச்சுப்பட்டறையில்
லாய் வெற்றிலைப் பாக்கைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு
வரைபடத்தைத் தட்டினார்:
குழி சின்னதாக வேண்டுமா, எஃகைச் சீவினால் போதும்,
அரைநாள் வேலை.
பெரிதாக வேண்டுமென்றால்
எஃகு கூட்ட வேண்டும். புதுத்துண்டு. பன்னிரண்டு நாள்.
வெற்றிடத்துக்குத்தான் இரும்பு அதிகம் பிடிக்கும், தம்பி.

துறைத்தலைவர் கோ பன்னிரண்டு நாளுக்கும் கத்தினார்.

நான் செம்புத்தடத்தை
இன்னொரு முறை மடித்தேன்.
பத்து மீட்டர் எட்டிய அலை
ஒன்பதரையில் நின்றுவிட்டது.
பெட்டியில் "பத்து மீட்டர் வரை" என்று போட்டோம்.
அந்த "வரை"க்குள்
அரை மீட்டரை ஒளித்துவைத்தது நான்.

முதல் வார்ப்பு வந்த அன்று
பிளாஸ்டிக்கில் சூடான வாசனை இன்னும் இருந்தது.
அவள் விடுப்பில்.
திறந்து பார்த்தேன்.
தரையில் அச்சு எண் இரண்டு,
மாதம் காட்டும் சின்ன அம்பு.
சட்டைப்பையைத் துழாவினேன்.
கைக்கு அகப்பட்டது ரயில் சீட்டு மட்டும்.
மடித்துப் பார்த்தேன், கொள்ளவில்லை.

மூடினேன். டக்.
காதருகே வைத்து ஆட்டினேன்.